மூடுபனி ஊரில் ஒரு டிராக் ரேஸ் கார்: கிட் இல்லாமல் 1/16 அளவில் கட்டும் முழு வழிகாட்டி

கோத்தகிரியைச் சுற்றிக் கால் மைல் தூரத்துக்கு நேராகப் போகும் சாலை ஒன்றையும் நான் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையம் இறங்கினாலும் வளைவு, குன்னூர் போனாலும் வளைவு. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36 கொண்டை ஊசி. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, நேராக ஓட மட்டுமே தெரிந்த ஒரு காரின் மாடலை ஒன்பது மாதம் கட்டினேன். "இது திரும்பவே திரும்பாதா?" என்று வீட்டில் கேட்டார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

டிராக் ரேஸ் என்பது இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விளக்கு மாறியதும் 1320 அடி, அதாவது 402 மீட்டர், நேராகப் பாய்வது. (ரேஸ் டிராக்கில் வரும் 'டிராக்' வேறு, இது வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, என்ன செய்வது.) மிக வேகமான இரண்டு வகைகளுக்கு மட்டும் 2008 முதல் அமெரிக்காவில் 1000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். ஸ்க்ராட்ச் பில்ட் என்றால் பாகங்கள் தயாராக இருக்கும், கடையில் விற்கும் கிட்டை வாங்காமல், தகடு, கம்பி, கையில் கிடைத்தது என்று வைத்து முழுக் காரையும் நாமே செய்வது.

இந்த வழிகாட்டி 'ஸ்லிங்ஷாட்' என்ற வகைக்கானது. 1960களின் கார். எஞ்சின் முன்னால், ஓட்டுநர் பின் அச்சுக்கும் பின்னால். கவணில் வைத்த கல் போல அவர் கடைசியில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். எலும்புக்கூடு, அதாவது சட்டம், முழுக்க வெளியே தெரியும் கார் என்பதால் முதல் முயற்சிக்கு இதுவே நல்லது. மூடி மறைக்கும் பாடி கொண்ட கார் சுலபம் என்று தோன்றும். ஆனால் பாடியை வழவழப்பாகக் கொண்டுவருவதற்குள் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கார், ஒரு வருடம்

முதலில் எந்தக் கார், எந்த வருடம் என்று முடிவு செய்யுங்கள். 'பொதுவாக ஒரு டிராக் கார்' என்று தொடங்கினால் 1964ஆம் வருட வெளிப்புகைக் குழாயும் 1970ஆம் வருட டயரும் ஒரே காரில் வந்து உட்காரும்.

இந்த வகைக்கு முடிவு எப்படி வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஓடுதளத்தில் டான் கார்லிட்ஸ் ஓட்டிய 'ஸ்வாம்ப் ராட்' காரில், கால்களுக்கு நடுவே இருந்த கியர் பகுதி வெடித்தது. கார் இரண்டு துண்டானது, அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அடுத்த வருடமே எஞ்சினைப் பின்னால் வைத்த காரோடு வந்து ஜெயித்தார். சில வருடங்களில் ஸ்லிங்ஷாட் மறைந்துவிட்டது. ஆகவே உங்கள் கார் 1969 என்றால் எல்லாப் படங்களையும் அந்த வருடத்தை ஒட்டியே தேடுங்கள்.

அளவுக்கு நான் 1/16 எடுத்தேன். கணக்கு சுலபம்: அசல் காரின் ஒரு இஞ்சு நமக்கு 1.6 மி.மீ., ஒரு அடி 19 மி.மீ. அந்தக் கார்களின் அளவுகள் எல்லாம் இஞ்சில்தான் கிடைக்கும் என்பதால் இது பெரிய வசதி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 210 இஞ்சு உள்ள கார் 333 மி.மீ. ஆகிறது. அளவு கிடைக்காத பாகத்துக்கு நேர் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றை அச்சிட்டு, அளவு தெரிந்த பின் சக்கரத்தை வைத்து விகிதம் போடுங்கள். கோணலாக எடுத்த படத்தில் ஒருபோதும் அளக்காதீர்கள்.

பொருள்கள்

1/16 அளவின் அதிர்ஷ்டம் என்னவென்றால் தேவையான பொருள் பாதி வீட்டிலேயே கிடக்கிறது. வெல்டிங் கடையில் விற்கும் பித்தளை ராடு 2.4 மி.மீ. என்றால் அசலில் ஒன்றரை இஞ்சுக் குழாய், 1.6 மி.மீ. என்றால் ஒரு இஞ்சுக் குழாய். காலாவதியான ஏ.டி.எம். கார்டு முக்கால் மி.மீ. கனம், அதாவது அசலில் அரை இஞ்சு. 25 மி.மீ. எலக்ட்ரிக்கல் பி.வி.சி. பைப் வெளிவட்டத்தில் கிட்டத்தட்ட 16 இஞ்சு ரிம். ஆஃப்செட் அச்சகத்தில் ஓட்டி முடித்த அலுமினியத் தகடு பாடிக்கு. கிழிந்த குடைத் துணி, காரை நிறுத்த உதவும் பாராசூட்டின் பைக்கு.

வாங்க வேண்டியவை: நுணுக்கமாக அளக்க வெர்னியர் (இதில் கஞ்சத்தனம் வேண்டாம்), 60 வாட் சால்டரிங் அயர்ன், 0.5 முதல் 1 மி.மீ. வரை சின்ன ட்ரில் பிட்கள், கையால் சுழற்றும் ட்ரில் பிடி, சின்ன அரம் செட், 220 முதல் 1500 வரை உப்புத்தாள், ஃபெவிக்விக், அரால்டைட், எம்-சீல்.

சட்டம்

முன்பெல்லாம் தேயிலை பிளைவுட் பெட்டியில்தான் போகும், இப்போது காகிதச் சாக்கில் போகிறது. பழைய பெட்டிப் பலகை ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். சட்டத்தின் பக்கவாட்டு வரைபடத்தை அதன்மேல் ஒட்டி, கம்பி போகும் கோட்டின் இரு பக்கமும் தலையில்லாத ஆணிகளை அடித்தால் அதுதான் அச்சு. இரண்டு பக்கச் சட்டத்தையும் அதே அச்சில் செய்தால்தான் ஒன்றுபோல வரும்.

மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் 2.4. நடுவில் நிற்கும் கம்பிகளும் குறுக்குச் சாய்வுகளும் 1.6. குறுக்குக் கம்பியின் முனையைச் சின்ன உருண்டை அரத்தால் பிறை மாதிரிக் குடைந்து, பெரிய கம்பியைக் கவ்வி உட்காரும்படி செய்யுங்கள். இந்த வேலைக்கு மட்டும் எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இடைவெளியைச் சால்டரால் நிரப்பிவிடலாம் என்று நினைத்தால், ஒவ்வொரு மூட்டும் குளவிக்கூடு போல உப்பி நிற்கும்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் நிமிர்த்தி வைத்து, நடுக் குறுக்குக் கம்பிகளால் இணைக்க வேண்டும். இங்கேதான் முதல் முறை நான் கோட்டை விட்டேன். முன்னாலிருந்து பின்னால்வரை வரிசையாகப் பற்றவைத்துக்கொண்டே போனேன். ஆறியதும் பார்த்தால் சட்டம் வாழைக்காய் போல வளைந்திருந்தது. சரியான முறை: முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றும் ஆறிய பிறகே அடுத்தது. பக்கத்து மூட்டு உருகாமல் இருக்க ஈரத் துணியைச் சுற்றிக் கிளிப் போடுங்கள்.

முடிந்ததும், சால்டர் பிடிக்கப் பூசிய ஃப்ளக்ஸை வெந்நீரில் பழைய டூத் பிரஷ் வைத்துத் தேயுங்கள். அப்புறம் புளி. குத்துவிளக்கு தேய்ப்பதுபோலவே தேய்த்து, நன்றாகக் கழுவி, அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிடுங்கள். மலையில் நான்கு நாள் விட்டால் மூட்டுகளில் பச்சைக் களிம்பு ஏறும். அதன்மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது.

எஞ்சின்

பல ஸ்லிங்ஷாட்களில் கிரைஸ்லர் கம்பெனியின் ஹெமி வி-8 எஞ்சின் (V வடிவில் இரண்டு வரிசை, மொத்தம் எட்டு சிலிண்டர்) இருக்கும். பழையது 392, 1964இல் வந்தது 426. எண்கள் கன இஞ்சுக் கொள்ளளவு. இரண்டையும் குழப்பாதீர்கள். பழைய 392இல் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகம்) எஞ்சினுக்குப் பின்னால், 426இல் முன்னால். அதன் இடத்தில் நிற்பது, பேட்டரி இல்லாமலே மின்சாரம் தரும் மேக்னெட்டோ. அதை எங்கே நிறுத்துவது என்பது இதைப் பொறுத்தது.

426க்கு அடிப்படை அளவு ஒன்றே ஒன்று: சிலிண்டருக்குச் சிலிண்டர் 4.8 இஞ்சு. நமக்கு 7.6 மி.மீ. புகைக் குழாய்கள், ஸ்பார்க் பிளக்குகள், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முனைகள் எல்லாமே இந்த 7.6ஐ ஒட்டித்தான் வரிசை கட்டும். இதில் அரை மி.மீ. தவறினால் எட்டாவது குழாய் எஞ்சினுக்கு வெளியே நிற்கும். இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவே 90 டிகிரி.

பிளாக்கைக் கார்டுகளை அடுக்கி ஒட்டி அறுத்துச் செய்யலாம். உள்ளே யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் மரத் துண்டும் போதும். வால்வு கவரில்தான் கவனம் வேண்டும். ஹெமி என்பது அரைக்கோளம். எரி அறை அரைக்கோள வடிவில் இருப்பதால் வால்வுகள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து, பிளக் நடுவில் வந்துவிட்டது. அதனால் பிளக் ஒயர்கள் அகலமான வால்வு கவரின் நடுக்கோட்டில் நான்கு துளைகள் வழியாக உள்ளே இறங்கும். பக்கத்திலிருந்து நுழையும் ஒயர் இருந்தால் அது ஹெமி இல்லை.

மேலே உட்கார்ந்து எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் 6-71. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன இஞ்சு கொண்ட ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் எஞ்சினுக்காகச் செய்யப்பட்ட ஊதுகருவி அது. லாரி, பஸ்ஸிலிருந்து கழற்றி ரேஸ் காரில் மாட்டினார்கள். உடலில் உள்ள நெடுக்கு வரிகளைக் கார்டிலிருந்து கீறி எடுத்த மெல்லிய கீற்றுகளால் ஒட்டுங்கள். அதை ஓட்டும் பெல்ட்டுக்கு நான் என்னென்னவோ முயன்றேன். கடைசியில் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைத்தது: 4.8 மி.மீ. கறுப்புக் கேபிள் டை. அசல் பெல்ட் 3 இஞ்சு அகலம், நம் அளவில் 4.8 மி.மீ. பல்லும் இருக்கிறது! பல் உள்பக்கம் வரும்படி வெந்நீரில் முக்கி வளைத்துக்கொள்ளுங்கள். நைலான் என்பதால் ஃபெவிக்விக் சரியாகப் பிடிக்காது. பின்பக்கம் ஒரு குண்டூசியைச் செருகி இணைக்கலாம்.

உச்சியில் காற்று உள்ளே போகும் தொப்பிக்கு டிராக் ரேஸ்காரர்கள் வைத்த செல்லப்பெயர் 'பூச்சி பிடிப்பான்'. எம்-சீலில் பிடித்து, காய்ந்த பிறகு அரத்தால் செதுக்குங்கள். குளிர் நாளில் எம்-சீல், அரால்டைட் இரண்டும் இறுக மறுநாள்கூட ஆகும்.

ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது

என் முதல் எஞ்சினில் இருபத்தேழு குழாயும் ஒயரும் இருந்தன. பார்க்க அட்டகாசம். ஜீப் மெக்கானிக் ஒருவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்குண்ணா. இந்தப் பைப் எங்கே போகுது?" பதில் இல்லை. அதைப் பிய்த்துவிட்டு மறுபடி செய்தேன். மாடலில் நுணுக்கம் என்றால் நிறைய வைப்பது என்று நினைத்திருந்தேன். அவர் கேள்விக்குப் பிறகு, தொடங்கும் இடமும் முடியும் இடமும் சொல்ல முடியாத எதையும் நான் ஒட்டுவதில்லை.

எரிபொருளில் தொடங்குங்கள். டேங்க் முன்னால். அதிலிருந்து கனமான குழாய் எஞ்சின் முன்பக்கம் உள்ள பம்ப்புக்கு. பம்ப்பிலிருந்து ஆக்ஸிலரேட்டரோடு இணைந்த வால்வுக்கு. அங்கிருந்து மெல்லிய குழாய்கள் பிரிந்து தொப்பியின் முனைகளுக்கும் சிலிண்டர் வாய்களுக்கும். எஞ்சின் வேகத்துக்கு ஏற்பப் பம்ப் தள்ளிக்கொண்டே இருப்பதால் மிஞ்சியது டேங்குக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்பும் குழாயைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

குழாய் ஏன் கனம்? ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், இந்தக் கார்களில் ஊற்றும் நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். ஆகவே அதே காற்றுக்கு எத்தனையோ மடங்கு எரிபொருளை ஊற்றலாம், ஊற்றுகிறார்கள். முடி போன்ற ஒயரை வைத்தால் பொய்யாகத் தெரியும், 1 மி.மீ. வேண்டும். பழைய மைக் கேபிளின் உள்ளே இருக்கும் உலோகப் பின்னலை உருவி ஒரு ஒயர்மேல் போர்த்தினால் அசல் பின்னல் ஹோஸ்தான். முனைகளுக்குச் சிவப்பு, நீல ஒயர் உறையைக் குட்டியாக நறுக்கிப் போடுங்கள்.

இதையே யோசித்தால் இன்னொன்றும் புரியும். ஊட்டி 2240 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் முக்கால் பங்குதான். இந்தக் கார் ஊட்டிக்கு வந்தால் சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கப் புல்லியை மாற்ற வேண்டியிருக்கும். மாடலுக்கு இது தேவையில்லை, ஆனால் மேல் புல்லி, கீழ்ப் புல்லி அளவுகள் ஏன் காருக்குக் கார் மாறுகின்றன என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது.

ரேடியேட்டர் கிடையாது. ஓட்டம் சில வினாடிதான், எரிபொருளே குளிர்விக்கும். பேட்டரியும் இல்லை. டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு மேக்னெட்டோவைச் சொல்லித்தர வேண்டாம். ஸ்டார்ட்டரும் இல்லாத காலம், பின்னால் இன்னொரு வண்டி தள்ளித்தான் கிளப்பினார்கள். அதனால் பின்பக்கம் தள்ளுகம்பி வையுங்கள்.

மேக்னெட்டோ மூடியின் எட்டு முனைகளிலிருந்து அரை மி.மீ. ஒயர்கள் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் போகும். முன்னாலிருந்து எண்ணினால் ஓட்டுநரின் இடப்பக்கம் 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. யார் சரிபார்ப்பார் என்று கேட்பீர்கள். நீங்கள்தான், ஒவ்வொரு முறை அலமாரியைத் திறக்கும்போதும்.

எட்டுப் புகைக் குழாய்களுக்கு 3.5 மி.மீ. அலுமினியக் கம்பி. மேல்நோக்கிப் பின்பக்கம் சாய்ந்து வளைய வேண்டும், எட்டும் ஒரே வளைவில். ஒரு மரத் துண்டில் வளைவைச் செதுக்கி அதில் அழுத்தி வளையுங்கள். நுனியில் 3 மி.மீ. பிட்டால் ஐந்து மி.மீ. ஆழம் துளைத்து உள்ளே கறுப்பு பூசினால் குழாய்தான்.

சக்கரம்

ரப்பர் செருப்பை வெட்டி வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இது பழைய வேலை. பின் டயர் அசலில் 32 இஞ்சு உயரம், 12 இஞ்சு அகலம் என்று வைத்தால் நமக்கு 51 மி.மீ., 19 மி.மீ. கறுப்புச் செருப்பு அடிப்பாகத்தில் இரண்டு வட்டம் வெட்டி ஒட்டி, போல்ட்டில் மாட்டி, ட்ரில் மெஷினில் சுழலவிட்டு உப்புத்தாளைப் பிடித்தால் உருண்டு வரும். மாஸ்க் போடுங்கள், ரப்பர் தூசி மூக்கைக் கெடுத்துவிடும். டயரில் பட்டன் எதுவும் வேண்டாம், மொழுக்கையாக இருப்பதுதான் இதன் அழகு. நடுவில் 25 மி.மீ. துளைத்து பைப் ரிம்மைச் செருகுங்கள். முன் சக்கரங்கள் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லி. 32 மி.மீ. ஓ-ரிங்கே டயர். முன்பக்கம் பிரேக் வைக்காதீர்கள், அசலில் கிடையாது. நிறுத்துவது பின் பிரேக்கும் பாராசூட்டும்தான்.

பாடி

அச்சகத் தகட்டின் மசியை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு, சலவைச் சோப்பால் மேலே ஒரு கோடு இழுங்கள். அடியிலிருந்து தீ காட்டுங்கள். சோப்புக் கோடு கறுத்ததும் உடனே எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் போனால் அலுமினியம் ஓட்டையாகிவிடும். ஆறியதும் தகடு துணிபோல மெத்தென்றிருக்கும். மூக்குப் பகுதிக்குச் சில்வர் ஓக் கட்டையில் அச்சு செதுக்கி, அதன்மேல் வைத்து மரக் கரண்டியின் முதுகால் தேய்த்தே வளைக்கலாம். சுத்தியல் வேண்டாம். தீர்ந்துபோன பால்பாயிண்ட் ரீஃபில் நுனியால் உள்பக்கமிருந்து அழுத்தினால் வரிசையான ரிவெட் தலைகள் கிடைக்கும்.

சின்னக் காற்றுத் தடுப்புக் கண்ணாடி உள்ள கார் என்றால், பழைய எக்ஸ்ரே படத்தை ப்ளீச்சில் ஊறவைத்துத் தேய்த்தால் படம் போய்த் தெளிந்த ஷீட் கிடைக்கும். ஊட்டி இந்து நகரில் ஃபிலிம் தொழிற்சாலை ஓடிய காலத்து எக்ஸ்ரே ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. தாத்தாவின் மார்பெலும்பு இப்போது காரில் கண்ணாடி. இதை ஃபெவிக்விக்கால் ஒட்டாதீர்கள். ஈரக் காற்றில் அதன் ஆவி வெள்ளையாகப் படிந்து கண்ணாடியைக் கெடுத்துவிடும். சாதாரண ஃபெவிகால் போதும்.

பெயிண்ட்டும் பனியும்

அக்டோபர் மாதம் ஒரு மாலை, அவசரப்பட்டு என்.சி. பெயிண்ட் அடித்தேன். சிவப்பு அடித்த பாடி பத்து நிமிடத்தில் பால் ஊற்றியது போல வெளுத்தது. பெயிண்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, ஈரக் காற்றின் நீர் அதன்மேல் படிந்து உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆகவே டிசம்பர்வரை சட்டம், எஞ்சின் வேலைகளை வைத்துக்கொண்டு, பெயிண்ட்டை ஜனவரி முதல் மார்ச்சுக்குத் தள்ளுங்கள். காலை உறைபனி உருகி, வெயில் ஏறிய பதினொன்று முதல் இரண்டு மணி வரைதான் நல்ல நேரம். பாகத்தை முதலில் வெயிலில் வைத்து இளஞ்சூடாக்கி, மெல்லிய கோட்டாக அடியுங்கள். வெளுத்துவிட்டால் பதறாமல், வறண்ட நாளில் மேலே வெறும் தின்னரைப் பனிபோல ஊதினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஒன்று முக்கியம். என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ், அருவங்காடு தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட் என்ற வெடிமருந்திலும் அதே சரக்குதான். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது அடுப்பு, ஹீட்டர், பல்பு வைத்த பெட்டி எதன் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

அந்தக் காலத்து மிட்டாய் நிறம் வேண்டுமென்றால் முதலில் சில்வர், அதன்மேல் கண்ணாடியில் ஓவியம் வரையும் ஒளிபுகும் வர்ணம் மூன்று நான்கு கோட். எழுத்துகளைத் தூரிகையால் எழுதினேன், கோணல்தான். அசல் கார்களிலும் பெயர்களைக் கையால்தான் எழுதினார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வைத்துக் காப்பது

கண்ணாடிப் பெட்டி இல்லாமல் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பாராசூட் பையில் பூஞ்சை வரும். அந்துருண்டை போடாதீர்கள், பிளாஸ்டிக் பாகம் சிலவற்றை அதன் ஆவி இளக்கிவிடும். சிலிக்கா ஜெல் நீலக் குருணையைச் சின்னத் துணிப் பையில் கட்டி மூலையில் வையுங்கள். இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு ஆகாத பழைய தகர மூடியில் போட்டுச் சிறுதீயில் நிறம் திரும்பும்வரை வறுத்து மறுபடி வைக்கலாம். ஜூலையில் எங்கள் வீட்டில் பத்து நாளுக்கு ஒரு முறை வறுக்க வேண்டியிருக்கிறது.